பிறந்த முதல் 24 மணி நேரம்: ஹெபடைடிஸ் பி ஒழிப்பில் இந்தியா தவறவிடுவது எங்கே?

புதுடெல்லி: குழந்தை பிறந்தவுடன் அதற்கு மூன்று தடுப்பு மருந்துகள் அளிக்கப்பட வேண்டும் என்கிறது தேசிய தடுப்பூசி அட்டவணை. காசநோய்க்கு எதிரான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகியவையே அவை. பிசிஜி தவறிப்போனால் ஓராண்டு நிறைவதற்குள் போட்டுக்கொள்ளலாம். பிறப்பின்போது தரப்படும் போலியோ சொட்டு மருந்துக்கு 15 நாள் அவகாசம் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு வழங்கப்பட்டிருக்கும் காலமோ 24 மணி நேரம் மட்டுமே.

இந்தக் கெடு நிர்வாக வசதிக்காக வகுக்கப்பட்டது அன்று. தாயின் உடலில் வைரஸ் இருந்தால், பெரும்பாலும் பிரசவத்தின்போது ரத்தத்தின் வழியாகவும் பிற உடல் திரவங்களின் வழியாகவும் அது குழந்தையை அடைகிறது. கல்லீரலில் அது வேரூன்றுவதற்குள் எதிர்ப்பாற்றல் உருவாகத் தொடங்க வேண்டும். அந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும்.

பிறந்தவுடன் போடப்படும் இந்த ஊசி இப்போது உலக அளவில் விவாதப் பொருளாகியுள்ளது. அமெரிக்காவில் 1991 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பரிந்துரைக்கப்பட்டு வந்தது. தொற்று இல்லை எனப் பரிசோதனையில் தெரியவந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு இதைப் பொதுவிதியாக வைத்திருக்க வேண்டியதில்லை, பெற்றோரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்யலாம் என்று அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2025 டிசம்பரில் வாக்களித்தது. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அமைப்பு அதை ஏற்கவில்லை. அந்த விவாதத்தின் எதிரொலி இந்தியப் பெற்றோரின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கும் நிலையில், இந்நாட்டின் உண்மை நிலை என்ன என்பதைத் தனித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

வயது தீர்மானிக்கும் நோய்

ஹெபடைடிஸ் பி வைரஸ் ஒருவரை எந்த வயதில் தொற்றுகிறது என்பதே அவரது எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. வளர்ந்த ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால், பெரும்பாலும் உடலே அதை வென்றுவிடும். நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே அது நாட்பட்ட நோயாக நிலைக்கிறது. பிறப்பின்போதோ முதல் ஆண்டிலோ தொற்றும் குழந்தைகளின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அவர்களில் சுமார் 90 சதவீதத்தினர் அந்த வைரஸை வாழ்நாள் முழுவதும் சுமக்க நேர்கிறது.

காரணம் எளிது. பச்சிளங்குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் இன்னும் முதிர்ச்சி பெறாதது. வைரஸைப் பகையென அடையாளம் கண்டு தாக்க அதற்குத் தெரிவதில்லை. தாக்குதல் நிகழாததால் அறிகுறியும் தோன்றுவதில்லை. மஞ்சள் காமாலை வராது, காய்ச்சல் வராது. குழந்தை இயல்பாக வளரும், பள்ளிக்குச் செல்லும், விளையாடும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கல்லீரல் சுருக்க நோயோ கல்லீரல் புற்றுநோயோ வெளிப்படும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. குழந்தைப் பருவத்தில் தொற்றி நாட்பட்ட நோயாளியாகும் நால்வரில் ஒருவர் கல்லீரல் பாதிப்பால் அகால மரணம் அடையக்கூடும் என மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

தாயின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு தீவிரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதும் முக்கியம். அத்தகைய பெருக்கத்தைக் காட்டும் 'இ ஆன்டிஜென்' உள்ள தாயிடமிருந்து, எந்தத் தடுப்பும் இல்லாத நிலையில், குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 70 முதல் 90 சதவீதம் வரை இருக்கிறது. அந்த ஆன்டிஜென் இல்லாத தாய்மார்களிடம் இது வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

சுமையின் அளவு

உலக சுகாதார அமைப்பு 2024இல் வெளியிட்ட ஹெபடைடிஸ் அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 25.4 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். அந்த ஓராண்டில் மட்டும் இந்நோயால் சுமார் 11 லட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் தொற்றுடன் வாழ்வோர் 2.98 கோடிப் பேர் என அவ்வறிக்கை மதிப்பிட்டது. ஹெபடைடிஸ் சி தொற்றையும் சேர்த்தால், உலகின் மொத்தச் சுமையில் 11.6 சதவீதம் இந்தியாவுடையது.

இதைவிடக் கவலை தரும் எண் ஒன்று உண்டு. தமக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதைப் பரிசோதனை மூலம் அறிந்தவர்கள் உலக அளவில் 13 சதவீதம். இந்தியாவில் அது மூன்று சதவீதத்தையும் எட்டவில்லை. அதாவது, தொற்றுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமது நிலை தெரியாது. அவர்களில் கருவுற்ற பெண்களும் அடக்கம்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. கருவுறும் பெண்களில் நூற்றில் ஒருவருக்கு மட்டுமே தொற்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 2.3 லட்சம் குழந்தைகள் ஆபத்தின் விளிம்பில் பிறக்கின்றன என்று பொருள். இந்தச் சுமை நாடெங்கும் ஒரே அளவில் பரவியிருக்கவும் இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பழங்குடிச் சமூகங்களில் தொற்று விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிடப் பல மடங்கு மிகுதி என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் முன்பே காட்டியுள்ளன.

தாமதமாக வந்த பாதுகாப்பு

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உலகில் முதன்முதலாக 1981இல் உரிமம் பெற்றது. மரபணு மறுசேர்க்கைத் தொழில்நுட்பத்தில் உருவான தடுப்பூசி 1986இல் வந்தது. ஆனால் இறக்குமதி விலை இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் உள்நாட்டிலேயே தயாரித்த ஷான்வாக்-பி தடுப்பூசி அந்த நிலையை மாற்றியது. விலை சரிந்தது. பிற இந்திய நிறுவனங்களும் களத்தில் இறங்கின. இந்தியத் தடுப்பூசிகள் வளரும் நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின.

எனினும், உற்பத்தியில் காட்டிய வேகத்தை விநியோகத்தில் நாடு காட்டவில்லை. 2002இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கிய திட்டம், 2007-08இல் பத்து மாநிலங்களுக்கு விரிந்து, 2011இல்தான் நாடு முழுவதையும் எட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் தடுப்பூசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமாயிற்று. தற்போது பிறந்தவுடன் ஒரு ஊசி, பின்னர் 6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் என்பதே நடைமுறை.

இந்தக் காலவரிசையில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. இன்று பேறுகால வார்டுகளில் இருக்கும் பெண்கள் அனைவரும் 2011க்கு முன் பிறந்தவர்கள். பொதுத் தடுப்பூசித் திட்டத்தின் பாதுகாப்பு அவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்தில் கிடைக்கவில்லை. நாடு தழுவிய திட்டத்தின் முதல் ஆண்டில் பிறந்த பெண் குழந்தைக்கு 2029இல்தான் 18 வயது நிறையும். அந்தத் தலைமுறை தாய்மை எய்தும் வரை, பாதுகாப்பற்ற தாய்க்கும் புதிதாய்ப் பிறக்கும் குழந்தைக்கும் நடுவே நிற்கக்கூடிய முதல் அரண், பிறந்த அன்று போடப்படும் அந்த ஒரு ஊசிதான்.

மூன்று அடுக்குப் பாதுகாப்பு

தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதைத் தடுக்க மருத்துவம் இன்று மூன்று கருவிகளை வைத்திருக்கிறது.

முதலாவது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி. குழந்தையின் தொடையில் அரை மில்லி அளவே செலுத்தப்படுகிறது. தாயின் பரிசோதனை முடிவு எதுவாயினும், முடிவே இல்லாவிட்டாலும், இது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது.

இரண்டாவது, ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின். இது தடுப்பூசி அன்று. முன்பே எதிர்ப்பாற்றல் பெற்றவர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஆயத்த எதிர்ப்புப் பொருள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரையிலான இடைவெளியை இது நிரப்புகிறது. தாய்க்குத் தொற்று உறுதியாகியிருந்தால், தடுப்பூசியுடன் சேர்த்து மற்றொரு தொடையில் இதுவும் போடப்படுகிறது. அட்டவணைப்படி அடுத்தடுத்த தவணைகளும் முடிந்தால், இரண்டும் சேர்ந்து சுமார் 90 சதவீதத் தொற்றுகளைத் தடுத்துவிடுகின்றன.

மூன்றாவது, தாய்க்கே தரப்படும் டெனோஃபோவிர் மாத்திரை. வைரஸ் அளவு மிக அதிகமாக உள்ள தாய்மார்களிடம் முதல் இரண்டு கருவிகளும் சில நேரங்களில் தோற்றுவிடுகின்றன. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் வைரஸ் அளவு 2 லட்சம் அலகுகளோ அதற்கு மேலோ இருந்தால், கருவுற்ற 28ஆவது வாரத்திலிருந்து இந்த மாத்திரையைத் தரலாம் என 2020இல் உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்தியது. 2024 மார்ச்சில் வெளியான புதிய வழிகாட்டுதல், சிகிச்சையை இரண்டாவது மும்மாதத்திலேயே தொடங்க வழிவகுத்ததுடன், வைரஸ் அளவைக் கணக்கிடும் வசதி இல்லாத இடங்களில் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை தரலாம் என்றது. மூலக்கூறு ஆய்வகங்கள் நகரங்களில் குவிந்திருக்கும் நாடுகளுக்கு இந்தத் தளர்வு மிகவும் பயன் தரக்கூடியது.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், பரிசோதனை, மருந்து, இம்யூனோகுளோபுலின் ஆகியவற்றை இலவசமாக வழங்க வகைசெய்கிறது. அந்நாள் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கின் பிறந்தநாள். உலக ஹெபடைடிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதும் அதுவே. ஆக, மருந்தும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. தவறு நேர்வது இவற்றுக்கும் பிரசவ அறைக்கும் இடைப்பட்ட தூரத்தில்.

மருத்துவமனையில் பிறந்தும் தவறுவது ஏன்?

2019-21 காலத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நடைபெறுகின்றன. குழந்தைப் பருவத்தின் மூன்று தவணை ஹெபடைடிஸ் பி அல்லது பென்டாவேலன்ட் ஊசிகளைப் பெற்ற குழந்தைகளின் விகிதம், முந்தைய ஆய்வில் 62.8 சதவீதமாக இருந்து 83.9 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் பிறந்தவுடன் போடப்பட வேண்டிய ஊசியின் வீச்சு இந்த இரு எண்களுக்கும் பின்னால் தங்கியே நிற்கிறது. மருத்துவமனையிலேயே பிறந்து, மருத்துவமனையிலேயே ஒரு நாளைக் கழித்து, அந்த ஊசி இல்லாமலே வீடு திரும்பும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

இதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. தடுப்பூசி ஒரு குப்பியில் பத்துத் தவணைகளாக வருகிறது. சிறிய சுகாதார நிலையம் ஒன்றில் நாளுக்கு ஒரு பிரசவமே நடந்தால், ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறந்தால் மீதி வீணாகுமே என்று ஊழியர் தயங்குகிறார். பிசிஜி குப்பியைத் திறந்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்ற விதி அவரது பழக்கத்தில் ஊறியிருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு அந்த விதி பொருந்தாது. திறந்த குப்பிக் கொள்கையின்படி, உரிய குளிர்நிலையில் வைக்கப்பட்டால் அதை 28 நாள் வரை பயன்படுத்தலாம். காகிதத்தில் உள்ள இந்த அனுமதி எல்லாப் பிரசவ அறைகளையும் எட்டியதாகச் சொல்ல முடியாது.

அடுத்தது நேரம். பிரசவம் நாளும் பொழுதும் பார்த்து நிகழ்வதில்லை. தடுப்பூசி அறையோ பல இடங்களில் வார நாள்களின் பகல் பொழுதில் மட்டும் இயங்குகிறது. சனிக்கிழமை இரவு பிறக்கும் குழந்தைக்குத் திங்கட்கிழமை காலை ஊசி கிடைத்தால், கெடு ஏற்கெனவே கடந்திருக்கும். குளிர்பதனப் பெட்டி பிரசவ அறைக்கு அருகில் இருந்து, இரவுப் பணிச் செவிலியருக்கு ஊசி போடும் பொறுப்பும் தரப்பட்ட இடங்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

மூன்றாவது, தனியார் துறை. அதே ஆய்வின்படி அரசு நிலையங்களில் நடப்பவை 61.9 சதவீதப் பிரசவங்களே. நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமான குழந்தைகள் தனியார் மருத்துவமனைகளில் பிறக்கின்றன. அங்கு ஊசி எப்போது போடப்பட்டது, இம்யூனோகுளோபுலின் தரப்பட்டதா என்பன அரசின் பதிவேட்டில் ஒழுங்காக வந்து சேர்ந்தால்தான் இடைவெளி எங்கே என்பது தெரியும்.

எஞ்சிய பதினொரு சதவீதக் குழந்தைகள் வீட்டில் பிறக்கின்றன. மலைக் கிராமங்களும் பழங்குடிப் பகுதிகளும் இதில் கணிசமான இடம் பெறுகின்றன. தொற்று மிகுந்த சமூகங்கள் சிலவும் அங்கேதான் வாழ்கின்றன. இந்தோனேசியா இதே சிக்கலை எதிர்கொண்டபோது, ஒரே தவணை மட்டும் நிரப்பிய யூனிஜெக்ட் ஊசிகளைக் கிராம மருத்துவச்சிகளிடம் கொடுத்து வீட்டுக்கே அனுப்பியது. வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடியதும், உறைந்தால் கெட்டுப்போவதுமான இந்தத் தடுப்பூசியின் இயல்பு அதற்குத் துணைநின்றது.

அமெரிக்க வாதம் இங்கு பொருந்துமா?

தொற்று இல்லாத தாயின் குழந்தைக்கு முதல் நாளிலேயே ஊசி எதற்கு என்ற கேள்வி, எல்லாத் தாய்மார்களும் நம்பகமாகப் பரிசோதிக்கப்படுகிறார்கள் என்ற முன்னனுமானத்தின் மேல் நிற்கிறது. அமெரிக்காவிலேயே அது முழுமையாக நிறைவேறவில்லை என்பது அங்குள்ள மருத்துவர்களின் மறுப்பு. 1990க்குப் பிறகு அந்நாட்டில் 19 வயதுக்குட்பட்டோரிடையே இத்தொற்று 99 சதவீதம் குறைந்ததை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இந்தியாவில் அந்த முன்னனுமானத்துக்கு இடமே இல்லை. தொற்றுள்ளவர்களில் நூற்றுக்கு மூவருக்குக்கூடத் தமது நிலை தெரியாத நாட்டில், தாயின் பரிசோதனையை நம்பிக் குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பதற்கு ஒப்பாகும். பரிசோதனை நடந்திருந்தாலும் முடிவு பிரசவ அறைக்கு வந்து சேராமல் போகலாம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் பரிசோதித்த பெண்ணுக்குப் பின்னர் தொற்று ஏற்பட்டிருக்கலாம். வீட்டில் வேறொருவர் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடிய வைரஸ் இது. இத்தனை ஓட்டைகளையும் ஒருசேர அடைக்கும் வழி எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி என்பதே.

தாயும் ஒரு நோயாளி

இந்தத் திட்டங்கள் அனைத்திலும் அடிக்கடி மறக்கப்படுபவர் தாய். குழந்தைக்கு ஊசி போட்டதும் கோப்பு மூடப்படுகிறது. அந்தப் பெண்ணின் கல்லீரல் எந்த நிலையில் உள்ளது, அவருக்குத் தொடர் சிகிச்சை வேண்டுமா, கணவரும் மற்ற குழந்தைகளும் பரிசோதிக்கப்பட்டார்களா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. அவரைப் பேறுகால வார்டிலிருந்து மாவட்ட ஹெபடைடிஸ் சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் செல்லும் பாலம் வலுவாக இல்லை.

சமூகத்தின் பார்வை இதை மேலும் கடினமாக்குகிறது. குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்படுபவர் கர்ப்பிணி என்பதால், நோயைக் கொண்டுவந்தவர் அவரே என்ற பழியும் அவர்மேல் விழுகிறது. உண்மையில் அவரும் ஒரு காலத்தில் ஊசி கிடைக்காத குழந்தையாக இருந்து, தம் தாயிடமிருந்தே இதைப் பெற்றிருக்கக்கூடும். கட்டியணைப்பதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே வீட்டில் உறங்குவதாலோ இந்நோய் பரவாது. தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை. தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் அறுவைச் சிகிச்சைப் பிரசவம் தேவையில்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் மருத்துவத் தகுதிப் பரிசோதனையில் இத்தொற்றின் பெயரால் நிராகரிக்கப்படும் காலத்தில், அச்சத்தால் பரிசோதனையையே தவிர்க்கும் போக்கு வியப்பளிப்பதன்று. ஆனால் அதன் விலையை அடுத்த தலைமுறை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாத்தியம் என்று காட்டிய நாடுகள்

தைவான் 1984இல் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, 1986இல் எல்லாக் குழந்தைகளுக்கும் அதை விரிவாக்கியது. பத்தாண்டுகளில், 6 முதல் 14 வயது வரையிலான சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசியால் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பதற்குக் கிடைத்த தொடக்ககாலச் சான்று அது. தென்கிழக்கு ஆசிய மண்டலத்தில் வங்கதேசம், பூடான், நேபாளம், தாய்லாந்து ஆகிய நாடுகள் குழந்தைகளிடையே தொற்றை ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்ததை உலக சுகாதார அமைப்பு 2019இல் உறுதிசெய்தது. எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்றும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த முதல் நாடாக மாலத்தீவு 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கருவுற்ற பெண்ணிடம் ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் மூன்று பரிசோதனைகளையும் முடித்துவிடலாம் என்ற எளிய அணுகுமுறையே இந்த மும்முனை ஒழிப்பின் அடித்தளம்.

2030க்குள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே தொற்று விகிதத்தை 0.1 சதவீதத்துக்கு மிகாமல் கொண்டுவருவது உலக இலக்கு. மாலத்தீவின் மக்கள்தொகை இந்தியாவின் ஒரு மாவட்டத்துக்கும் குறைவு என்பது உண்மையே. ஆனால் இந்தியாவுக்குத் தடுப்பூசியை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை இல்லை. போலியோவை ஒழித்த அனுபவமும் அதற்கு உண்டு. இனி வேண்டியவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பிரசவ அறையிலேயே குளிர்பதனப் பெட்டி, இரவுப் பணியாளருக்கு ஊசி போடும் பொறுப்பு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை, அதன் முடிவு தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் பதிவு, தொற்றுள்ள தாய் பிரசவிக்கும் இடத்துக்கு முன்கூட்டியே இம்யூனோகுளோபுலின், அவரது குழந்தைக்கு ஒன்பது மாதத்துக்குப் பின் உறுதிப் பரிசோதனை ஆகியவை போதும்.

குடும்பங்கள் தம் அளவில் செய்யக்கூடியதும் உண்டு. கர்ப்ப காலத்தில் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்டறிவது, குழந்தை பிறந்த அன்றே ஊசி போடப்பட்டதா என்பதையும் எந்த நேரத்தில் போடப்பட்டது என்பதையும் அட்டையில் சரிபார்ப்பது, 6, 10, 14ஆவது வாரத் தவணைகளைத் தவறவிடாதிருப்பது ஆகியவை அவை. இன்று தவறவிடப்படும் ஓர் ஊசியின் விளைவு நாளையே தெரியப்போவதில்லை. அந்தக் குழந்தை நாற்பது வயதை எட்டி, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் காலத்தில்தான் அது தெரியவரும்.